நல்ல நேரத்தில் மூடும் கதவு

சட்டையெல்லாம் புண்ணாக்கு வாசத்தோடு வீடு திரும்பும் என் மாமாவுக்கு,

நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டை ஆபீசில் அதே மாடி, அதே ஜன்னல். கீழே லாரிக்காரர்கள் வழக்கம்போல ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மழை இப்போதுதான் விட்டது. மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது.

உங்களுக்குப் பிறகு கம்பெனியில் என்னை டைப் அடிக்கத்தான் கூப்பிட்டார்கள். உங்கள் பார்ட்டிகள் போன் செய்தால் எடுக்க வேறு ஆள் இல்லை. சரக்கு எங்கே நிற்கிறது, கப்பல் என்றைக்குப் புறப்படும் என்று பதில் சொல்லிச் சொல்லி, போன வருஷம் மெட்ராஸ் ஆபீசிலிருந்து என் பெயருக்கே கார்டு அடித்து அனுப்பிவிட்டார்கள். அக்கவுண்ட் மேனேஜர். உங்கள் கார்டில் இருந்த அதே வார்த்தை. ஊரே உங்களைக் கணக்கு எழுதுகிறவர் என்று நினைத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? மில்காரர் மனசும் கோணாமல் கப்பல்காரர் மனசும் கோணாமல் ராசிபுரத்து மூட்டையைக் கடல் தாண்டிக் கொண்டு சேர்க்கிற வேலைக்கு அப்படி ஒரு பெயர். நடுவில் நிற்கிறவர் மனசைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

சொல்ல வந்தது ராசிபுரம் பழனியப்பன் அண்ணனின் எண்ணெய் மில்லைப் பற்றி. உங்களுக்கு வாய்த்த முதல் பார்ட்டி. நீங்கள் போன பிறகு நம் மகள் செல்வியை நாமக்கல்லில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்து, ஹாஸ்டலுக்கும் ஏற்பாடு செய்தவர் அவர்தான். தீபாவளிக்கு அவர் வீட்டில் துணி எடுத்தால் நமக்கும் ஒரு பை வந்துவிடும். கெட்ட மனுஷராக இருந்தால் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

அவர் மில்லுக்கு முதல்முறையாக ஒரு இரும்புப் பெட்டி வந்திருக்கிறது மாமா. கன்டெய்னர் என்கிறார்கள். நீங்கள் பார்த்ததில்லை. லாரி மேல் ஒரு அறையைத் தூக்கி வைத்தது போல இருக்கிறது. மில்லிலேயே மூட்டைகளை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டால் பெட்டியோடு கப்பலில் ஏற்றிவிடலாம். கதவு ஓரமெல்லாம் ரப்பர் வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது என்று ஆளாளுக்குத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். காற்றும் போகாதே என்று எனக்குத் தோன்றியது.

நாளைக் காலையில் கதவு மூட ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார். வாழைமரம் கட்டியாகிவிட்டது. பெட்டிக்கு மாலை வந்துவிட்டது. ஆனால் ஒரு வாரமாக வெயிலைக் கண்ணால் பார்க்கவில்லை. களத்தில் பரப்பிய புண்ணாக்கு காயாமலே சாக்குக்குள் போயிருக்கிறது.

இன்று காலை நேரில் போயிருந்தேன். நீங்கள் செய்வது போலவே நடு அடுக்கில் ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். வளையல் இல்லாத கை, சுலபமாகப் போனது. காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டது போல உள்ளே கதகதவென்று இருந்தது.

"அண்ணா, மூட்டை சூடா இருக்குதுங்க. வெயில் வந்ததும் காய வெச்சு அடுத்த கப்பலுக்குப் போட்டுக்கலாமுங்க" என்றேன்.

"அட, பொட்டிக்குள்ள போனா தானா ஆறிப்போயிரும் அம்மிணி. நாளு குறிச்சாச்சு. இதைய உட்டா இனித் தை மாசந்தேன். ஊடு நெறைய ஒறம்பரை சனத்த வரச் சொல்லிப்போட்டு, நாளைக்குக் கதவச் சாத்தலீன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "நீயும் வந்து முன்னால நிக்கோணும் சாமி. உன்னைய எவனாச்சும் ஒரு வார்த்தை சொன்னா நான் பாத்துக்கறேன்."

தாலி இழந்தவளை நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கச் சொல்ல இந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்கு மனசு வரும்? அவர் மனைவி அதைக் கேட்டதும் குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த அக்கா மனசுதான் நாளைக்கு வரும் எல்லாருடைய மனசும்.

"ஆறிப்போயிரும்." உங்களிடமும் இதையேதான் சொன்னார் மாமா. அதுவும் ஒரு ஐப்பசி. தூத்துக்குடியில் மூட்டைகளைக் கப்பலின் அடித்தட்டில் இறக்கியதும் மழை பிடித்துக்கொண்டது. நாள்கணக்கில் மேல்மூடியைப் போட்டு வைத்திருந்தார்கள். மழை விட்டு மூடியைத் திறந்ததும், சரக்கு எப்படி இருக்கிறது என்று பார்ட்டிக்குச் சொல்ல வேண்டுமே என்று நீங்கள்தான் முதலில் ஏணியில் இறங்கினீர்கள். கீழே போனதும் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டீர்களாம். களைப்பாக்கும் என்று மேலே நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஈரப் புண்ணாக்கு புழுங்கிப் புழுங்கி, உள்ளே இருந்த நல்ல காற்றையெல்லாம் தின்றுவிட்டது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார்.

பழனியப்பன் அண்ணனுக்கு அது இன்னும் மனசில் ஏறவில்லை. உங்களுக்கு நேரம் சரியில்லை என்றே நம்புகிறார். அதனால்தான் இந்தத் தடவை நல்ல ஜோசியராகத் தேடிப் பிடித்திருக்கிறார்.

கயிறு கட்டிக்கொண்டு உங்கள் பின்னால் இறங்கிய அந்தோணியை நினைவிருக்குமா? உங்களைத் தூக்கப் போய் அவனும் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் பிழைத்தான். இப்போதும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். துறைமுகத்தில் நம் கம்பெனிச் சரக்கைப் பார்த்துக்கொள்வது அவன்தான். கஸ்டம்ஸ்காரர்கள் பார்க்கக் கேட்டால் பெட்டியைத் திறந்து முதலில் உள்ளே ஏறுகிறவன் அவன். மத்தியானம் டிரங்க் கால் போட்டுப் பேசினேன். சூடு பற்றி நான் வாயெடுக்கும் முன்பே முந்திக்கொண்டான்.

"யக்கா, ஊர்ல எவன் மூட்டைன்னாலும் நாலு தடவ யோசிப்பேன். நீங்க கைய விட்டுப் பாத்த சரக்குன்னா கண்ண மூடிட்டு ஏறுவேன்."

அதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கேட்டேன், கிடைக்கவில்லை. கிடைத்து என்ன சொல்வது? இந்தப் பெட்டியை அவன் திறக்காவிட்டால் அக்கரையில் பெயர் தெரியாத இன்னொருவன் திறப்பான். அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள்.

மேனேஜரிடம் சொன்னேன். "பார்ட்டி கேட்டதைச் செஞ்சு குடுங்கம்மா. முடியாதுன்னு சொல்றதுக்கா உங்களுக்குக் கார்டு அடிச்சுக் குடுத்திருக்கு?" என்றார். நாளைக்கு அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அறுத்தவளை முன்னால் நிறுத்தினால் இப்படித்தான் என்பார்கள். அண்ணன் தலை குனிந்து நிற்பார். பிறகு இந்த நாற்காலி இருக்காது. செல்வியின் படிப்பு என்னாகும்? பயமாக இருக்கிறது மாமா, மறைக்கவில்லை.

ஏணியில் கால் வைக்கும் முன் நீங்கள் கொஞ்சம் நின்றீர்கள் என்று அந்தோணி ஒருமுறை சொன்னான். எதற்கு நின்றீர்கள்? புழுங்கிய புண்ணாக்கின் வாடை உங்களுக்குத் தெரிந்ததா? பார்ட்டி மனசு நோகுமே என்றுதான் இறங்கினீர்களா?

மறுபடி தூறல் ஆரம்பித்துவிட்டது. மில் பக்கமும் பெய்துகொண்டிருக்கும். அந்த மூட்டைகள் இந்நேரம் இன்னும் கொஞ்சம் சூடேறியிருக்கும்.

நாளை வெள்ளென முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவேன். எல்லார் முன்னாலும் மூட்டையைப் பிரித்து அண்ணன் கையைப் பிடித்து உள்ளே வைப்பேன். அப்போதும் நேரம் போகிறது என்று கதவைத் தள்ள வந்தால், நான் பேசப்போவதில்லை. மாலை போட்ட அந்தப் பெட்டிக்குள் ஏறி, நீங்கள் உட்கார்ந்தது போல ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வேன். பயப்படாதீர்கள், கதவு திறந்திருக்கும் வரைக்கும் காற்று இருக்கும். என்னை உள்ளே வைத்து மூடுகிறவர்கள் மூடட்டும். நல்ல நேரம் முடிகிற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்,
செல்வியின் அம்மா,
சரசு