அப்பாவின் புருவம்

சவாயி
4 பிப்ரவரி 1996

அன்புள்ள மசினா அக்காவுக்கு,

தம்பி பெனி எழுதுவது. கடவுள் தயவில் இங்கே தீவில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆக்லாந்தில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்து போனவள் ஒரு வரி எழுதவில்லை. முதியோர் இல்லத்தில் வெள்ளைக்காரக் கிழவர்களுக்குக் கரண்டியால் ஊட்டுகிறவளுக்குத் தம்பியை நினைக்க நேரம் ஏது?

ஒரு நல்ல செய்தி. குடும்பப் பட்டம் எனக்கு வருகிறது. அப்பாவால் இனி ஊர்க்கூட்டத்தில் உட்கார முடியாது, பேச்சும் நின்றுவிட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து போதகரும் சித்தப்பாக்கள் இரண்டு பேரும் நம் வீட்டில் சாப்பிட்டார்கள். அவர்கள் முன்னால் அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, குடும்பத் தலைவர் பட்டத்த எனக்கு விட்டுத் தர்றீங்களா?" அப்பா கூரையைப் பார்த்தார். புருவம் இரண்டும் மேலே போயின, அதுவும் இரண்டு தடவை. நம் ஊரில் அதற்கு மேல் ஓர் ஆமாம் உண்டா? லெயோ சித்தப்பா அங்கேயே "சரி, முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு பன்றிக்கறி எடுத்துக்கொண்டார்.

ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காவா வேர்ச்சாறு கலக்கிக் குடித்துப் பட்டம் கட்டுகிறோம். கூடப்பிறந்தவள் சம்மதம் இல்லாமல் பட்டம் நிற்காது என்பது உனக்குத் தெரியும். இதனுடன் உள்ள தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் தம்பி,
பெனியமினா


ஆக்லாந்து
19 பிப்ரவரி 1996

பெனிக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

நீ கேலி செய்த கரண்டி வேலையில் நான் கற்றதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். இங்கே சில கிழவர்களுக்குக் கரண்டியை நேரே பிடித்து "இதையே பாருங்க" என்றால் பார்வை நிற்காது. பக்கத்தில் வெட்டிப் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. மூளை தளர்வதைக் கண் காட்டிக்கொடுக்கிறது என்கிறார் எங்கள் டாக்டர். சிலருக்குக் கண்ணோடு நெற்றியும் சேர்ந்து மேலே ஏறும். வெள்ளைக்காரனுக்கு அது வெறும் நோய். அவன் ஆமாம் என்பதை வாயால் சொல்லிவிடுகிறான். நம் ஊர் மேதாவிகளுக்குத்தான் அது பட்டாபிஷேகம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே பார்த்தேன். ஜன்னலைச் சாத்தட்டுமா என்றால் புருவம் ஏறியது, திறக்கட்டுமா என்றாலும் ஏறியது. வரும் ஞாயிறு போதகரை அவித்துச் சாப்பிடலாமா என்று கேட்டுப் பார். அதற்கும் சம்மதம் வாங்கிவிடுவாய். சாட்சிக்கு மூன்று பேர் இருந்தார்களாம், ஆறு கண்களாம். அதில் பார்க்கத் தெரிந்த கண் ஒன்றுகூட இல்லை.

டாக்டரிடம் கொண்டுபோக வேண்டிய மனிதரைச் சித்தப்பாக்களிடம் கொண்டுபோயிருக்கிறாய். கையெழுத்துப் போட மாட்டேன்.

மசினா


சவாயி
6 மார்ச் 1996

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தால் உன் மானம்தான் போயிருக்கும்.

ஊரான் அப்பன்களுக்கு வாய் துடைக்கிறவள் சொந்த அப்பனுக்கு வியாதி கண்டுபிடிக்கிறாய். அவரைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போய்க் குளிப்பாட்டுகிறவன் நான். துணி மாற்றுகிறவன் நான். அந்தக் கண் இப்படி ஆடுவது புயல் வந்த வருடத்திலிருந்தே உண்டு. பெரிய மனிதர்களுக்கு யோசனை அதிகம், பார்வை ஓர் இடத்தில் நிற்காது. போதகரும் அப்படித்தான் சொல்கிறார். நீ அங்கே தங்கித் தங்கிப் புருவத்தின் பாஷையையே மறந்துவிட்டாய். உன்னிடம் கேட்டது ஒரு கையெழுத்து. உன் மருத்துவப் பாடத்தை யாரும் கேட்கவில்லை.

விருந்துக்குப் பன்றிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. சீர்வரிசைப் பாய்கள் வந்துகொண்டிருக்கின்றன.

பெனியமினா


ஆக்லாந்து
18 மார்ச் 1996

பெனிக்கு,

பெரிய மனிதர்களுக்கு யோசனை அதிகமாம். உன் கண் எப்போதும் அசையாமல் நிற்பதன் காரணம் இப்போது விளங்குகிறது.

ஒரே ஒரு கேள்வி கேள். "பட்டம் பெனிக்கு வேண்டாம்தானே?" என்று அப்பாவிடம் கேள். புருவம் அசையாமல் இருந்தால் நான் பாயோடு வந்து, எல்லார் முன்னாலும் குனிந்து கையெழுத்துப் போடுகிறேன். கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

மசினா


சவாயி
31 மார்ச் 1996

அக்கா,

கேட்டேன். சித்தப்பாக்கள் முன்னால் கேட்கத் தைரியம் இல்லை, அதனால் முதலில் தனியாகக் கேட்டேன்.

பட்டம் பெனிக்கு வேண்டாம்தானே என்றேன். புருவம் ஏறியது. லெயோ சித்தப்பாவுக்குக் கொடுத்துவிடலாமா என்றேன், ஏறியது. அம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்றேன். அம்மா போய் ஏழு வருடம் ஆகிறது, அதற்கும் ஏறியது. கடைசியில் "அப்பா, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன். அதற்கும் அதே மாதிரிதான். வெளியே போய் ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்று இருக்கிறது. தினமும் பாதிச் சாப்பாட்டில் "போதுமாப்பா?" என்று கேட்பேன். புருவம் ஏறும், தட்டை எடுத்துவிடுவேன். எத்தனை மாதமாக எடுத்தேனோ தெரியவில்லை. நேற்று கேட்காமல் ஊட்டினேன். இரண்டு தட்டு சாப்பிட்டார்.

புருவத்தைச் சோதித்ததற்கு மறுநாளே சித்தப்பாக்களையும் போதகரையும் கூப்பிட்டு, அப்பா எனக்குப் பட்டம் தரவில்லை, நான்தான் தந்ததாக எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன். போதகர் தலையைக் குனிந்துகொண்டார். லெயோ சித்தப்பா "நெத்தியப் பாத்துத் தலைவனாகப் பாத்தவன்" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார். பாய்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அப்பாவைப் படகில் ஆப்பியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

நீ ஜெயித்தாய். இனி நான் ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, "அம்மா சாவுக்கு வராததுக்கு மன்னிச்சிடுங்கப்பா" என்று நீ கேட்டது என் காதில் விழுந்தது. ஏழு வருடமாக உன் பெயரைக்கூட எடுக்காத மனிதர் புருவத்தை உயர்த்தினார். அப்பா மன்னித்துவிட்டார் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். எல்லாரும் உன்னைக் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பயணத்திலேயே அவர் கண்ணைப் பார்த்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். எது முதலில் அக்கா? கண்ணைப் பார்த்ததா, மன்னிப்புக் கேட்டதா?

பெனி


ஆக்லாந்து
14 ஏப்ரல் 1996

அன்புள்ள பெனிக்கு,

கண்ணைப் பார்த்ததுதான் முதலில்.

வந்து இறங்கிய அன்று மாலையே கோகோ கொடுக்கும்போது கரண்டியை நிறுத்திப் பார்த்தேன். பார்வை வெட்டி வெட்டிப் போனது. இல்லத்தில் தினமும் பார்ப்பதுதான், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் மறுநாள் காலடியில் உட்கார்ந்தேன். அவரிடமிருந்து இல்லை என்ற பதில் வராது என்பதால்தான் கேட்டேன். புத்தி தெளிவாக இருந்த வருடங்களில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

டாக்டரிடம் காட்டு என்று அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் மன்னிப்பும் அதோடு போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறினேன். அந்த மூன்று மாதமும் நீ பாதித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாய். நீ தெரியாமல் செய்தாய், நீ ஒரு முட்டாள். நான் முட்டாள் இல்லை. என்னைப் பார்த்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

உன் தாளில் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். நீ கேட்காமல் ஊட்டினாய், பட்டத்தை நீயாக எடுத்துக்கொண்டதைப் பெரியவர்கள் முன்னால் ஒத்துக்கொண்டாய். லெயோ சித்தப்பாவுக்கு இரண்டும் வராது. பட்டம் அப்பா கொடுத்தது என்று யாரிடமும் சொல்லாதே. அக்கா சம்மதித்தாள் என்று சொல், அது போதும்.

அப்பா என்னை மன்னிக்கவில்லை. அதைப் போதகருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கடிதம் கிடைத்த பின் வரும் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்து கேள்.

உன் அக்கா,
மசினா