மண்ணுக்குச் செரிக்காத உடுப்பு

அக்டோபர் 7, திங்கள்

‘எந்தியோ’ — உடுத்து, அணிவி, தரி. காலை முழுவதும் இந்த ஒரு வினைச்சொல்லோடு போயிற்று. விவிலியக் கிரேக்க அகராதிக்கு இதை எழுதித் தரும்படி ஏதென்ஸிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனிடம் ஏன் கேட்டார்கள்? பேராசிரியர்களுக்கு நேரம் இருந்திருக்காது. வேறென்ன.

அடிப்படைப் பொருளில் சிக்கல் இல்லை. யோவான் ஒட்டகமயிர் உடுத்தியிருந்தான். வீடு திரும்பிய மகனுக்கு நல்ல அங்கியை உடுத்தச் சொல்கிறார் தகப்பன். படைவீரர்கள் இயேசுவைக் கேலி செய்து முடித்தபின் அவருடைய சொந்த ஆடையையே அவருக்கு உடுத்துகிறார்கள். பவுலிடம் வரும்போதுதான் தடுமாற்றம். கவசத்தை, இரக்கத்தை, கடைசியில் கிறிஸ்துவையே தரித்துக்கொள்ளச் சொல்கிறார். தோல்மேல் போடுவது எங்கே முடிகிறது, ஆளே மாறுவது எங்கே தொடங்குகிறது? மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன்.

மதியம் ஸ்டமாதா கூப்பிட்டாள். என் மனைவி பொலிக்ஸேனியின் தங்கை.

“அத்தான், அக்காவ எடுக்கணும். பதினஞ்சாம் தேதி சொல்லியிருக்காங்க. ஒயின் நான் கொண்டாறேன், நீங்க மறந்துருவீங்க.”

புதைத்து மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. குழியை அடுத்தவருக்கு விட வேண்டும். எலும்புகளை எடுத்து, ஒயினில் கழுவி, பெட்டியில் வைக்க வேண்டும். எங்கள் வோலோஸ் ஊரில் எல்லோருக்கும் இதுதான். என் மனைவிக்கு என்றதும் தேதியை நாட்காட்டியில் குறிக்காமல் விட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

எழுத்து ஓடவில்லை. அந்த உடுப்பு நினைவுக்கு வருகிறது.

பொலிக்ஸேனி இறந்த அன்று, மருத்துவமனையில் கையெழுத்துகளை முடித்துவிட்டு நான் வருவதற்குள் ஸ்டமாதா எல்லாவற்றையும் முடித்திருந்தாள். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்த்த காலத்தில் அவள் அக்காவுக்கென்று வாங்கி வந்த இளஞ்சிவப்பு உடுப்பு, நைலான் காலுறை, பிளாஸ்டிக் செருப்பு. “கசங்கவே கசங்காது அத்தான், பாருங்க. மணப்பொண்ணு மாதிரி இல்ல?” என்றாள். பொலிக்ஸேனி உயிரோடு இருந்தவரை அந்த உடுப்பைத் தொட்டதே இல்லை. வியர்க்கும் என்பாள்.

உடல் மக்க வேண்டுமானால் இறந்தவர்களுக்குப் பருத்தி மட்டும் போடுங்கள் என்று பிரோத்ரொமோஸ் பாதிரியார் கோயிலில் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! ஸ்டமாதா முன்வரிசையில்தான் உட்காருவாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

எழுத முடியவில்லை.

அக்டோபர் 16, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

குழி தோண்டும் ஸராண்டிஸ் வழக்கம்போலப் பேசிக்கொண்டேதான் வந்தான். “நல்ல மழை பேஞ்சிருக்கு வாத்தியாரே. மண்ணு பசியா இருந்திருக்கும். அரை மணி நேரத்துல முடிச்சுரலாம்.” சவப்பெட்டியின் பலகை உடைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டான்.

அவள் கரையவில்லை. முகத்தைப் பற்றி எழுத மாட்டேன். உடுப்பைப் பற்றி எழுதுகிறேன். ஒரு நூல்கூட வெளுக்கவில்லை. கழுத்தில் இருந்த பொத்தான் பளபளத்தது. அழிவுள்ளது அழியாமையைத் தரித்துக்கொள்ளும் என்றார் பவுல். தரித்துக்கொண்டது. பாலியஸ்டர்.

இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன்.

ஸ்டமாதா சிலுவை போட்டுக்கொண்டே பின்வாங்கினாள். ஒயின் புட்டி அவள் கையிலேயே இருந்தது. “யாரோ சபிச்சிருக்காங்க. இல்லன்னா அக்கா எதையோ மறைச்சிட்டுப் போயிருக்கா. ஐயோ அக்கா, என்னடி பண்ண?” பக்கத்துக் குழிகளுக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மக்காத உடல் சாபத்தின் அடையாளம் என்பது இங்கே பழைய நம்பிக்கை.

நான் உடைந்த பலகைத் துண்டுகளைப் பொறுக்கினேன். ஸராண்டிஸ் மண்ணை மூடினான். அடுத்த வாரம் வியாழன் வேறு பகுதிக்கு மாற்றிப் புதைக்க வேண்டுமாம்.

அக்டோபர் 18, வெள்ளி

ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். நாற்பது ஆண்டு இந்தத் தெருப் பிள்ளைகளின் கிழிந்த சட்டைகளையெல்லாம் தைத்துக் கொடுத்தவள் பொலிக்ஸேனி!

ஞாயிறன்று சாபநீக்க மன்றாட்டு வாசிக்கும்படி ஸ்டமாதா கேட்டிருக்கிறாளாம். தடுக்கத்தான் பாதிரியாரிடம் போனேன்.

“வாசிச்சா என்ன வாத்தியாரய்யா கெட்டுப்போச்சு? துணிதான் காரணம்னு எனக்கும் தெரியும். அந்தம்மா அழுதுகிட்டே நிக்கிறாங்க. ஒரு மனசு ஆறட்டுமே.”

யார் மனசு என்று கேட்கப் போனேன், கேட்கவில்லை. சரி சாமி என்று சொல்லிவிட்டு, அவர் ஆசீர்வதித்துக் கொடுத்த கோயில் ரொட்டித் துண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். சீ.

அக்டோபர் 20, ஞாயிறு

வாசித்தார்கள். பொலிக்ஸேனி என்ற பெயருக்குப் பின்னால் ‘கட்டுகளிலிருந்து விடுவித்தருளும்’ என்று வந்தது. முன்வரிசையில் ஸ்டமாதாவின் விசும்பல் எல்லோருக்கும் கேட்டது.

முடிந்ததும் முற்றத்தில் காப்பி. அவளைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

“எங்க அக்கா மனசுல என்ன இருந்துச்சோ, யார் கண்டா? அத்தான் பாவம், சாது. புத்தகத்துக்குள்ளயே இருந்துட்டாரு. வீட்டுல என்ன நடந்தாலும் அவருக்கென்ன தெரியும்?”

கையிலிருந்த கோப்பையைச் சுவர் மேல் வைத்தேன்.

“ஸ்டமாதா, மக்கவிடாதது நீ போட்டுவிட்ட துணி. உன் அக்கா இல்ல.”

“என்ன சொல்றீங்க அத்தான்?”

“பருத்திதான் போடணும்னு சாமி சொன்னாரு. நீ கேக்கல. இப்ப உன் அக்காவுக்குப் பாவம்னு பேரு வாங்கிக் குடுத்துட்ட. போதும்.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் பைத்தியம் என்று தள்ளியிருப்பார்கள். கூட்டத்தில் ஒரு கிழவி மட்டும், “அட, அதானே. எங்க மாமாவுக்கும் இப்பிடித்தான். நைலான் சட்டை” என்றாள். ஸ்டமாதா முகம் வெளிறி நடந்து போனாள்.

அதிகமாகப் பேசிவிட்டேனோ? ஐந்து நாள் தாமதமாகப் பேசினேன் என்பதுதான் சரி.

அக்டோபர் 22, செவ்வாய்

ஏதென்ஸுக்குக் கட்டுரையை அனுப்பிவிட்டேன். உருவகப் பொருளுக்கு இரண்டே வரி. நீட்ட மனமில்லை.

ஸ்டமாதாவிடமிருந்து பேச்சே இல்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 24, வியாழன்

காலையிலேயே போனேன். ஸராண்டிஸ் கத்தரிக்கோலால் அந்த உடுப்பை ஓரமாக வெட்டி எடுத்துச் சாக்கில் போட்டான். சுற்றுவதற்குக் கட்டில் விரிப்பு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். தடவிப் பார்த்தான். “இதுவும் பாலியஸ்டர் கலப்புதான் வாத்தியாரே.” எனக்கு வேறு வழி தெரியவில்லை. நின்றேன்.

ஸ்டமாதா வந்தாள். சுருக்கமில்லாமல் தேய்த்து மடித்த வெள்ளைத் துணி ஒன்று கையில். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பருத்திதான். கடையிலேயே ஒரு முனைய எரிச்சுப் பாத்தேன். உருகல, சாம்பலாத்தான் போச்சு. கடைக்காரன் திட்டினான்.”

மன்னிப்புக் கேட்கவில்லை. துணியை நான் வாங்கிக்கொண்டேன். தலைப்பக்கம் நான் பிடித்தேன், கால்பக்கம் அவள். முதல் சுற்று தளர்ந்துவிட்டது. பிரித்து மறுபடி சுற்றினோம். ஸராண்டிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

மன்னித்தேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் முடிந்தபின் கருகிய முனை வெளியே தெரிந்தது. ஸ்டமாதா குனிந்து அதை உள்பக்கமாக மடித்துச் செருகிவிட்டாள்.