மாத்திரையோடு பத்துச் சொட்டு

மார்ச் 4

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நான் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் நீ, "எப்ப வரப்போறீங்க?" என்பாய். நான், "நீ எப்ப வரப்போற?" என்பேன். அதோடு சரி. ஒரு வருஷம் என்று இந்த ஊர் பேக்கரிக்கு வந்தவன் மூன்று வருஷமாக இங்கேயே இருக்கிறேன். உனக்கோ கிளினிக்கை விட மனசில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

பதறாதே. எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. "கேக் மாஸ்டருக்கு வராம வேற யாருக்கு வரும்?" என்று மாவு பிசைகிற மீசைக்காரர் சிரிக்கிறார். கொஞ்ச நாளாக ஓயாத தாகம், களைப்பு. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. தெருமுனை லேடி டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, காலையும் இரவும் மாத்திரை, தினம் நடை, இனிப்புக்குத் தடை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நாவல் கொட்டையிலிருந்து எடுத்த சொட்டு மருந்து ஒன்றைச் சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுப்பாயே, அது எனக்கும் கிடைக்குமா? உன் ஹோமியோபதியை, ஜவ்வரிசி வைத்தியம் என்று கிண்டல் செய்த அதே வாய்தான் கேட்கிறது.

உன்
பேக்கரிக்காரன்


மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வெளியே ஆட்கள் காத்திருக்க, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். நம் பெண் நலம். கல்லூரியில் கைப்பந்து ஆடி விரலைச் சுளுக்கிக்கொண்டு, அந்தச் சாக்கில் பாத்திரம் தேய்க்காமல் தப்பித்துத் திரிகிறாள்.

கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க இது பேக்கரி இல்லை. எங்கள் வைத்தியத்தில் ஆளை முழுசாக விசாரித்துத்தான் மருந்து. ஒழுங்காகப் பதில் எழுதுங்கள். தண்ணீர் மடக்கு மடக்காகக் குடிக்கிறீர்களா, சொம்பு சொம்பாகவா? தூக்கம் எப்படி? என்ன கனவு வருகிறது? எதற்குப் பயம்? உடம்புக்கு முடியாதபோது பக்கத்தில் ஆள் வேண்டுமா, தனியாக விட்டால் போதுமா? யாராவது ஆறுதல் சொன்னால் மனசு இளகுமா, எரிச்சல் வருமா?

சிரிக்காதீர்கள். முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். உங்களிடம்தான் கேட்டதே இல்லை.

லேடி டாக்டர் கொடுத்த மாத்திரையை விடக் கூடாது. அதற்குச் சம்மதம் என்றால்தான் மற்றதெல்லாம்.

உங்கள்
வீட்டுக்காரி


மார்ச் 19

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

சம்மதம். விடைத்தாள் இதோ.

தண்ணீர் சொம்பு சொம்பாகத்தான். தூக்கம் கோழித் தூக்கம். கனவில் ஓவனுக்குள் ரொட்டி கருகுகிறது, கதவைத் திறக்கப் போனால் கைப்பிடியைக் காணோம். பயம், கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. கேக் மேல் பூ வைக்கிறவனுக்குக் கண் போனால் அப்புறம் இந்தக் கைக்கு என்ன வேலை?

ஆள் வேண்டுமா என்ற கேள்விக்கு எழுதி எழுதி அடித்தேன். போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன். மீசைக்காரர் அறை வாசலில் நின்று, "மாஸ்டர், ஏதாவது வேணுமா?" என்றார். "ஒண்ணும் வேணாம், போங்க" என்று விரட்டிவிட்டேன். அவர் படியிறங்குகிற சத்தம் தேய்ந்து போகிறவரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். இதுதான் பதில். உங்கள் வைத்தியத்தில் இதற்கு என்ன பெயரோ.

ஆறுதல் சொன்னால் எரிச்சல் வரும். நீ சொன்னால் எரிச்சல் வந்துவிட்டு அப்புறம் இளகும்.

இத்தனை வயதில் முதல் தடவையாக ஒருத்தர் என்னை உட்கார வைத்து விசாரித்திருக்கிறார். மருந்து வருகிறதோ இல்லையோ, கொஞ்சம் லேசாக இருக்கிறது.

உன்
பேக்கரிக்காரன்


மார்ச் 28

அன்புள்ள உங்களுக்கு,

பார்சலில் ஒரு புட்டி இருக்கிறது. அரை டம்ளர் தண்ணீரில் பத்துச் சொட்டு, காலையும் மாலையும். கசக்கும். பேக்கரிக்காரர் முகம் சுளிக்கக் கூடாது.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இது துணை மருந்துதான். இதனால் சர்க்கரை இறங்கும் என்று நான் யாருக்கும் சத்தியம் செய்து கொடுத்ததில்லை. சிலர் தெம்பாக இருக்கிறது என்கிறார்கள், சிலர் ஒரு மாற்றமும் இல்லை என்கிறார்கள். வண்டியை இழுப்பது மாத்திரையும் நடையும் வாய்க்கட்டும்தான். சொட்டு மருந்து குடிப்பதை லேடி டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாதத்தைத் தினமும் திருப்பிப் பாருங்கள்.

வழக்கமாக நோயாளியின் பதில்களைக் கிளினிக் அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். உங்களுடையது என் கைப்பையிலேயே இருக்கிறது.

அந்த மீசைக்காரர் திரும்பவும் வந்து கேட்டால், "உட்காருங்க" என்று சொல்லித் தொலையுங்களேன்.

உங்கள்
வீட்டுக்காரி


மே 2

என் அருமை டாக்டரம்மாவுக்கு,

வெற்றி! வெறும் வயிற்றில் இருநூற்றைத் தாண்டி நின்ற சர்க்கரை நூற்றுச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. மீசைக்காரரோடு தினம் பூங்காவைச் சுற்றி நடக்கிறேன். சொட்டு மருந்தையும் விடாமல் குடிக்கிறேன். பேக்கரி முழுக்க உன் புகழ்தான். "என் வீட்டம்மா அனுப்பின மருந்துய்யா!" என்று புட்டியைத் தூக்கிக் காட்டாத ஆள் பாக்கியில்லை.

இன்னொரு நல்ல செய்தி. சர்க்கரை இறங்கியது தெரிந்த அன்றே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டேன், பத்து நாளாகிறது. இனி உன் மருந்து ஒன்றே போதும். ஜவ்வரிசி வைத்தியம் என்று சொன்னவன் தோற்றான். திருப்திதானே?

உன்
பேக்கரிக்காரன்


மே 6

போனை எடுக்கவே மாட்டீர்களா? அதனால் விரைவுத் தபாலில் இது.

இன்றே லேடி டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நிறுத்தியதை வாய் திறந்து சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வைத்துவிடாதீர்கள்.


மே 20

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

போன் மாவுக்குள் விழுந்து உயிரை விட்டுவிட்டது. வேண்டுமென்று எடுக்காமல் இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே போனேன். சர்க்கரை பழையபடி ஏறியிருந்தது. அந்தம்மா செருப்பைக் கழற்றச் சொன்னார். இடது பாதத்தின் ஓரத்தில் தீப்புண். சூடான தட்டு விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. வலிக்கவும் இல்லை. அதுதான் என்னைக் கலக்கிவிட்டது.

"சர்க்கரை இறங்கினது மாத்திரையால, நீங்க நடந்ததால. சொட்டு மருந்த நான் வேணாங்கல. மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னா?" என்றார். "யாரும் சொல்லல. நிறுத்தக் கூடாதுன்னு என் வீட்டம்மா எழுதியே அனுப்பினா" என்றேன். "அப்ப அவங்க புத்திசாலி" என்றார்.

மாத்திரை மறுபடி போடுகிறேன். புண் ஆறி வருகிறது, கால் பிழைத்தது. ஏன் அப்படிச் செய்தேன் தெரியுமா? உன் மருந்து ஒன்றே என்னைக் குணமாக்கிவிட்டது என்றால், நீ ஜெயித்துவிட்டாய் என்று உன் எதிரில் வந்து சொல்லலாம். வீட்டுக்கு வர அதைவிட நல்ல சாக்கு எனக்குத் தோன்றவில்லை.

உன்
பேக்கரிக்காரன்


மே 27

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் என்னை நம்பவில்லையே என்று எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது. இப்படி நம்புவதற்கு அந்தக் கிண்டலே தேவலை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று கிளினிக்கைச் சீக்கிரமே பூட்டிவிட்டேன். ஒரு நோயாளிக்காக இப்படிப் பதறுகிறவள் அந்த நோயாளிக்கு மருந்து பார்க்கக் கூடாது. அதனால் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பதை இன்றோடு விட்டுவிட்டேன். லேடி டாக்டரிடம் பேசிவிட்டேன், இனி எல்லாம் அவர் பொறுப்பு. சொட்டு மருந்து பிடித்திருந்தால் அவரைக் கேட்டுக்கொண்டு குடியுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எனக்குக் கோபமில்லை.

வீட்டுக்கு வரச் சாக்கு வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கிளினிக்கை இரண்டு வாரத்துக்கு, எனக்கு உதவியாக இருக்கிற சின்ன டாக்டரிடம் விட்டுவிட்டு, சனிக்கிழமை வண்டியில் நானே வருகிறேன். யார் ஊரில் யார் இருப்பது என்பதை எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டே தீர்த்துக்கொள்ளலாம். பெண்ணிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாப் போதும், எந்த ஊரா இருந்தா என்ன?" என்கிறாள்.

வண்டி தாமதமானாலும் சாப்பிடாமல் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். மாத்திரை போடுகிறவர் வேளைக்குச் சாப்பிட வேண்டும். நான் வந்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சாப்பிட்டுக்கொள்கிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி