முட்டைத் தட்டில் இரண்டு குப்பிகள்

அம்மா,

இன்று காலை பச்சை மிளகாய் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். கதவிலுள்ள முட்டைத் தட்டின் கடைசிக் குழியில் உன் சொட்டு மருந்துக் குப்பி இன்னும் இருக்கிறது. எட்டு மாதமாகியும் அதை எடுத்தெறிய எனக்குக் கை வரவில்லை. நேற்றிலிருந்து அதன் பக்கத்தில், அதே அளவில் இன்னொன்று. அதில் என் பெயர் ஒட்டியிருக்கிறது.

பயமாக இருக்கிறது அம்மா. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

வகுப்பில் எழுந்து நின்றாலே எனக்குப் பேச்சு வராது. உயர்நிலை மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் நீ வேலை பார்த்த கமலா அக்காவின் அழகு நிலையத்துக்கு வந்தபோது, நீ திட்டுவாய் என்று நினைத்தேன். நீ நூல்கண்டை எடுத்துக் கையில் கொடுத்தாய். "புருவம் எடுக்கிறப்ப நூலோட ஒரு முனை பல்லுல இருக்கும். பேசவே வேணாம். உனக்குன்னே செஞ்ச வேலை" என்றாய். அது உண்மைதான். வந்தவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், இமையைத் தாங்களே இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். யாரும் என்னைப் பார்ப்பதில்லை, நானும் பேசுவதில்லை.

உன் கை என்றைக்கும் தவறியதில்லை. அதனால்தான் நம் வாடிக்கையாளர் பரிதா அக்கா கண்ணாடியைப் பார்த்துவிட்டு உன் பக்கம் திரும்பிய அந்த நாள் மறக்கவில்லை. "என்ன இது, ஒரு பக்கம் புருவம், ஒரு பக்கம் கோடு? எங்க வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கப் போறாரு லா" என்றார். நீயும் சிரித்தாய். அவர் போன பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய்.

வயதானவர்களுக்கு வரும் கண்புரை உனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது என்று நீயாகவே முடிவுகட்டிக்கொண்டாய். புரை என்றால் அறுவை செய்து எடுத்துவிடுவார்கள், புது லென்ஸ் வைப்பார்கள், சரியாகிவிடும். எதிர் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் மாமிக்கு அப்படித்தான் சரியானது. ஆனால் கண் மருத்துவர் வேறு சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் உனக்குத் தமிழில் சொன்னேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை மெல்ல அரித்துக்கொண்டிருக்கிறது. வலிக்காது. ஓரத்திலிருந்து தொடங்கும். போன பார்வை திரும்ப வராது, இருப்பதைத்தான் காப்பாற்றலாம். அதற்குத் தினமும் மாலையில் ஒரு சொட்டு, ஆயுள் முழுக்க.

நீ ஒழுங்காகத்தான் தொடங்கினாய். ஒரு வாரத்தில் கண் சிவந்தது. சிலருக்கு இந்த மருந்தால் அப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் கடையில் அதை யாருக்கு விளக்குவது? தீபாவளி நேரம், வாசல்வரை வரிசை. உன் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண் உன் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "கண்ணு சிவந்திருக்கே, மெட்ராஸ் ஐ-யா? எனக்கு நாளைக்கு நிச்சயதார்த்தம்" என்று அடுத்த நாற்காலிக்குப் போனாள். உன் வாயில் நூல் இருந்தது. கண் தெளியும்வரை வீட்டில் இருக்கும்படி கமலா அக்கா தணிவாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து நீ மருந்தை நிறுத்தினாய். பண்டிகை முடியட்டும் என்றாய். பிறகு பொங்கல் முடியட்டும் என்றாய். மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முந்தைய நான்கு நாள் மட்டும் சொட்டுப் போடுவாய். அங்கே அழுத்தம் சரியாகக் காட்டும். "பாத்தியா, நல்லாத்தான் இருக்கு" என்பாய்.

ஒருமுறை மருத்துவமனைத் தாதி என்னிடம்தான் கேட்டார், அம்மா ஒரு நாள்கூட விடாமல் போடுகிறாரா என்று. மேசைக்கடியில் நீ என் முழங்கையைத் தொட்டாய். நான் தலையாட்டினேன்.

உன் பார்வை சுருங்குவது வீட்டில் எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. மேசையின் இடது ஓரத்தில் வைத்த தேநீர்க் குவளையைத் தட்டிவிட்டு, அங்கே வைத்ததற்கு என்னைத் திட்டுவாய். படியில் இறங்கும்போது சுவரை விரலால் தடவிக்கொண்டே வருவாய். புளோக்குக்குக் கீழே, நடைபாதையில், இடப்பக்கமிருந்து அந்த சைக்கிள் வந்தபோது மணி அடித்ததாகப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நீ திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலையில் அடி. மருத்துவமனையில் இரண்டு நாள். விதி என்றார்கள். நான் ஒரு தலையாட்டலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எனக்குத் தலைவலி வந்தது. கண்ணாடி போட வேண்டியிருக்குமோ என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஓர் இயந்திரம் கண்ணில் 'புஸ்' என்று காற்று ஊதியது. கடையிலிருந்த பெண் அதில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு மீண்டும் ஊதினாள். பிறகு, வீட்டில் யாருக்காவது கண் அழுத்தம் உண்டா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அதை நூல்கண்டு வைக்கும் இழுப்பறையில் அடியில் போட்டு மூடிவிட்டேன்.

அதன் பிறகு புக்கிட் பாஞ்சாங் நிலையத்தில் ரயில் ஏறியதும் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொள்வேன். எதிர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு, இரண்டு பக்கக் கதவும் ஓரத்தில் தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் இடது கதவு தெரியாததுபோல் இருந்தது. பார்த்தால், என் முடிதான் முன்னால் விழுந்து மறைத்திருந்தது. பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

நேற்று அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனேன். மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, நீல ஒளியைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுவந்து அழுத்தம் பார்த்தார்கள். அது வலிக்கவில்லை. அடுத்த சோதனைதான் என்னை உலுக்கியது. ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்ன ஒளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். மின்னியது, அழுத்தினேன். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. ஒளி வரவில்லையா, வந்தும் எனக்குத் தெரியவில்லையா? நீயும் இதே கிண்ணத்துக்குள் இப்படித்தானே காத்திருந்திருப்பாய். என் விரல் வியர்த்துப் பொத்தான் வழுக்கியது.

தாதி தமிழ்க்காரர். படிவத்தை நிரப்பிக்கொண்டே, வீட்டில் யாருக்காவது கண் அழுத்தம் உண்டா என்று அவரும் கேட்டார். முழங்கையைத் தொட யாருமில்லை.

"அம்மாவுக்கு இருந்துச்சு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் குரல் தானாகத் தொடர்ந்தது. "அவங்க மருந்து போடல. போடுறாங்கன்னு நான்தான் தலையாட்டினேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க மா. எங்களுக்கும் தெரியறதில்ல" என்றார். சற்றுப் பொறுத்து, "நீ அப்படிச் செய்யாத" என்றார்.

நரம்பு இன்னும் நன்றாக இருக்கிறதாம். அழுத்தம் மட்டும் கூடுதல். எந்த ஓரமும் எனக்கு இன்னும் தொலையவில்லை. மூன்று மாதத்தில் மறுபடி போக வேண்டும்.

நேற்று மாலை முதல் சொட்டு. இன்று காலையிலேயே கண் லேசாகச் சிவந்திருந்தது. கடையில் குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். பதினொரு மணிக்குப் பரிதா அக்கா வந்தார். நூலை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் மேல் குனிந்தேன். அவர் கண்ணை மூடாமல் என்னையே பார்த்தார்.

"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு? ஒட்டிக்குமா?"

கமலா அக்கா திரும்பிப் பார்த்தார். நூல் என் வாயில்தான் இருந்தது. அப்படியே இருந்துவிடலாம். நூலை எடுத்தேன்.

"ஒட்டாதுக்கா. கண்ணுல பிரஷர். மருந்து போடுறேன், தினமும் போடணும்."

"அம்மாவுக்கும் இதுதானா?"

"ஆமா."

அவர் கண்ணை மூடி, இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "எடு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரணும், சொல்லிட்டேன்" என்றார். இடது புருவத்தின் கடைசி முடிவரை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்தேன்.

இப்போது மணி ஏழே முக்கால். எட்டு மணிக்குச் சொட்டு. சற்றுமுன் உன் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. அதை மறுபடி அதே குழியில் வைத்துவிட்டேன். அது அங்கேயே இருக்கட்டும் அம்மா. என்னுடையது நாளுக்கு நாள் குறைகிறதா என்று அதன் பக்கத்தில் வைத்துத்தான் நான் பார்க்க வேண்டும்.