குவாலுக்கு விழுந்த ஒரே ஓட்டு

ஜூன் 9, 1992, செவ்வாய்

மூன்று நாள் விடுமுறை முடிந்து மெல்போர்ன் ஆபீசுக்குப் போனால் முதல் வேலையே ஓட்டெடுப்பு. நாங்கள் செய்யும் புது வீடியோ ஆட்டத்தில் தாவி ஓடப்போகும் கதாநாயகன் யார்? கூட வேலை செய்யும் தெஸ்பினா வரைந்த வாம்பட் என்கிற குண்டு வளைப்பிராணியா, நான் வரைந்த குவால் என்கிற பூனை அளவுப் புள்ளிப்பிராணியா? முதலாளி கெல்வின் கறி பஃப்ஸைக் கடித்துக்கொண்டே, "சட்டுன்னு கை தூக்குங்கப்பா, ஆறிப்போகுது" என்றார். எனக்கே போட்டுக்கொள்ள வெட்கம். வாம்பட்டுக்குத் தூக்கினேன். ஏழுக்கு ஒன்று. குவாலுக்கு விழுந்த அந்த ஒரு ஓட்டு யாருடையது? தெஸ்பினாவுடையது! இரக்கப்பட்டாளாம். வயிறு எரிகிறது.

ஜூன் 26

வாம்பட்டுக்கு மஃபின் என்று பெயர் வைத்தாயிற்று. அது தாவுவது, விழுவது, சுவரில் மோதி நிற்பது எல்லாம் நான் கம்ப்யூட்டரில் எழுதிய கணக்கு. ஆபீசுக்கு வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? "ஐயோ, அதோட பின்பக்கம் ஆடறதப் பாரேன்!" தெஸ்பினா குனிந்து சிரிக்கிறாள். புவியீர்ப்புக்கு யார் கைதட்டப்போகிறார்கள்.

ஜூலை 14

மஃபினுக்கு கேக் வெட்டினார்கள். போன சனிக்கிழமை என் பிறந்தநாள். ஒருவருக்கும் ஞாபகமில்லை.

ஆகஸ்ட் 6

நாளை எல்லாவற்றையும் சிப் செய்கிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. டிவியோடு சேர்த்துச் செருகி ஆடும் அந்தச் சின்னக் கேட்ரிட்ஜுக்குள் எல்லாவற்றையும் அடைப்பது என் பொறுப்பு.

படம் சேர்ப்பவர்கள் அது என்ன படம் என்று நோட்டில் எழுத வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். தெஸ்பினா கடைசி எட்டுப் படங்களுக்கு எதிரே "கடைசி அறை. வேணும். தொடாதே" என்று மட்டும் எழுதிவிட்டு, அக்கா கல்யாணத்துக்கு அடிலெய்டு போய்விட்டாள். என்ன அதிகாரம்! இன்னும் எட்டு விதமாகப் பின்பக்கம் ஆட்டப்போகிறாள், வேறென்ன?

திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் பிடித்துத் தொலைக்குமே என்று பயம்.

இடம் இருக்கிறது. எட்டும் தாராளமாக அடங்கும். இருந்தும் எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7

கெல்வின் கேட்டார்: "தெஸ்பினா படத்தை எடுத்திருக்கியே, அவகிட்ட சொன்னியா?"

"இடம் பத்தல, கெல்வின்."

"சரி விடு, புரிஞ்சுப்பா."

அனுப்பியாயிற்று. நன்றாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான்.

நவம்பர் 13, வெள்ளி

கேட்ரிட்ஜ் பெட்டி வந்தது. கெல்வின் பீர் திறந்தார். தெஸ்பினா எல்லாரையும் கூப்பிட்டு டிவி முன்னால் நிற்க வைத்தாள். "நெவில், நீதான் ஆடணும்" என்று என் கையில் கன்ட்ரோலரைத் திணித்தாள். கடைசி அறைக்குப் போனேன்.

"இப்ப அத கீழ வச்சுட்டு பத்து எண்ணு."

எண்ணினேன். மஃபின் சும்மா நின்றது.

"இன்னொரு தரம் எண்ணு. வரணுமே..."

"என்னம்மா வரணும்?" என்றார் கெல்வின்.

அவள் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். எட்டுப் படங்கள். வளைக்குள்ளிருந்து ஒரு புள்ளிக் குவால் எட்டிப் பார்க்கிறது, ஓடி வருகிறது, மஃபின் முதுகில் ஏறி உட்கார்ந்து வாலைச் சுருட்டிக்கொள்கிறது. என் குவால். நான் போட்ட அதே கோணல் காது.

"உனக்குத்தான்டா போட்டேன். பிறந்தநாளை மறந்துட்டோம்ல, அதுக்கு. எழுதி வச்சா தெரிஞ்சுடும்னுதான் எழுதல."

"இடம் இல்லன்னு நெவில் எடுத்துட்டானேம்மா" என்றார் கெல்வின்.

"அப்படியா... பரவாயில்ல நெவில்" என்று என் தோளைத் தட்டினாள்.  எல்லாரும் இருந்தார்களே, இடம் இருந்தது என்று எப்படிச் சொல்வது? தனியாக இருந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா?

நவம்பர் 16, திங்கள்

காலையில் அவளே கேட்ரிட்ஜைச் சோதிக்கும் பெட்டியில் செருகிப் பார்த்திருக்கிறாள். அடுத்த தடவைக்கு எத்தனை படம் குறைக்கணும் என்று தெரிந்துகொள்ளவாம். என் மேசைக்கு வந்தாள்.

"மூவாயிரம் பைட் இடம் சும்மா கிடக்கு, நெவில்."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

நவம்பர் 24

மன்னிப்பு கேட்டேன். "ம்" என்றாள்.

டிசம்பர் 8, செவ்வாய்

அடுத்த ஆட்டத்துக்கு ஓட்டெடுப்பு. "அந்தத் தாள்ல இருந்த குவாலையே வச்சுப்போமா?" என்றார் கெல்வின். சட்டென்று கைகள் உயர்ந்தன. இந்த முறை நானும் தூக்கினேன். எட்டுப் பேரில் ஏழு ஓட்டு.

தெஸ்பினா பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.