விரல்விட்டு எண்ணியவனுக்கு

மாவட்ட ஆஸ்பத்திரி,
ந்ச்சேயு, மலாவி.
ஜூலை.

ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மகன் லிம்பானிக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய். நான் சுகமா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

நீ போனை எடுப்பதில்லை. அதனால் அங்கே வரும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். உன் பிள்ளையை என் வெறும் நெஞ்சில் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். குனிய முடியாது, புரண்டு படுக்க முடியாது. இந்த ஜூலைக் குளிரில் வாசலுக்குக்கூடப் போகக் கூடாதாம்.

ஒரு பாக்கெட் ரொட்டியின் எடைதான் இருக்கிறான். அவன் உடம்பில் சூடு நிற்பதில்லை. சூடாக்கும் விளக்கு கரண்ட் போனால் அணைந்துவிடுகிறது. உன் பெண்டாட்டி தியாமிகேவுக்குப் பிரசவ ஆபரேஷன் புண் சீழ் வைத்து, பக்கத்து வார்டில் காய்ச்சலாகக் கிடக்கிறாள். உன்னைப் போலவே அவளுக்கும் தாய் இல்லை. என் தங்கை, உன் அத்தை வந்தாள். "ஒம்போது மாசம் பின்னால எண்ணிப் பாருங்க, அப்ப நான் ஊர்லயே இல்ல. நம்ம வீட்டாளுங்க யாரும் அதைத் தொடக்கூடாது" என்று நீ போனில் அனுப்பியதைப் படித்தாள். சமைக்கக் கொண்டுவந்த பானையைத் தூக்கிக்கொண்டு அன்றே போய்விட்டாள்.

எனெலெஸ் என்று ஒருத்தி இருக்கிறாள். முன்பு தன் பிள்ளையையும் இந்த வார்டில் வைத்துக் காப்பாற்றியவள். இப்போது எங்களைப் போன்றவர்களுக்குத் துணையாக வந்து உட்காருகிறாள். ஆம்பளை நெஞ்சு இதற்கு ஆகாது என்றேன். "அவன் பாலா கேக்கறான்? சூடுதான் கேக்கறான். சட்டையக் கழட்டுங்க தாத்தா" என்றாள். மற்றப் பெண்களுக்கு நான் வேடிக்கை. "தாத்தா, உங்களுக்கு எப்பப் பிரசவம்?" என்கிறார்கள். என் மகன் வந்ததும் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆற்றோரத் தோட்டத்தில் தக்காளி தண்ணீரில்லாமல் காய்கிறது. எல்லைத் தகராறை ஊர்த் தலைவர் விசாரித்த அன்று நான் போகவில்லை. பக்கத்துத் தோட்டக்காரன் கல்லை நகர்த்திவிட்டான். அத்தனை வருடம் விட்டுக்கொடுக்காமல் நின்றவன், இங்கே முளையில் கட்டிய ஆடு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தாய், ஜனவரியில் போனாய். விரல்விட்டு எண்ணினாயே, பிள்ளையைப் பார்த்துவிட்டா எண்ணினாய்? காது இன்னும் மடிந்து ஒட்டிக்கிடக்கிறது. உறிஞ்சத் தெரியாது, மூக்குக் குழாயில்தான் பால். ஒன்பது மாதம் வயிற்றில் இருந்த பிள்ளையா இப்படி இருக்கும்? ஏழாம் மாதமே பிறந்துவிட்டவன் இவன். சில சமயம் மூச்சுவிட மறந்துபோகிறான். பாதத்தைத் தட்டினால் மறுபடி விடுகிறான். அதனால் நான் கண் அசருவதில்லை.

அவன் கையில் "தியாமிகேயின் மகன்" என்று மட்டும் எழுதிக் கட்டியிருக்கிறார்கள். நீங்களே பேர் வைத்துவிடுங்கள் என்கிறாள் எனெலெஸ். வைக்க மாட்டேன். நம் வீட்டில் அது தகப்பன் வேலை. தியாமிகே தினமும் போன் வந்ததா என்று கேட்டனுப்புகிறாள். லைன் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

நீ வா. திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. கடவுள் உனக்கு வழித்துணையாக இருக்கட்டும். முன்பக்கம் முழுக்கத் திறக்கும் சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வா.

உன் அப்பா,
சிகெபு