செல்வி போடும் வெள்ளைச் செதில்

மே 12, திங்கள்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஞாயிறன்று திருவாதவூரில் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீரில் நாங்கள் செய்து விற்கிற கற்றாழை க்ரீமும் ஒரு தட்டு இருக்கணுமாம், தம்பி போன் பண்ணினான். டப்பா, ரிப்பன், தேங்காய் எண்ணெய் வாங்கணும்.

கற்றாழை சீவுவது நான். எண்ணெய் காய்ச்சிக் கலக்குவது செல்வி, அவள் அடுப்பில். இன்று டப்பா கேட்டு மாடிக்குப் போனால், எண்ணெயில் ஏதோ வெள்ளைச் செதிலைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் மஞ்சள் பையைச் சுருட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். கொழுந்தன் பெண்டாட்டிதான். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியுமா? லேபிளில் 'கெமிக்கல் இல்லை' என்று எழுதியது நான்.

மே 13, செவ்வாய்
கேட்டேவிட்டேன். "மெழுகு மாதிரிதான்க்கா. எண்ணெயும் தண்ணியும் பிரியாம இருக்கும்" என்றவள், கொடியில் துணி காய்கிறது என்று போய்விட்டாள். மடியில் கனம் இல்லாதவள் இப்படி நழுவுவாளா? மெழுகு என்றால் என்ன மெழுகு? மெழுகுவர்த்தியா?

தங்கச்சி மகளுக்கு ஏற்கெனவே எது போட்டாலும் முகம் சிவந்து தடித்துவிடும்.

மே 14, புதன்
செல்வி குளிக்கப் போன நேரம் பார்த்து, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்த பையில் ஒரு சிட்டிகை செதில் எடுத்துப் பேப்பரில் மடித்து சிம்மக்கல் போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. க்ரீம் சாமான் விற்கும் மொத்தக் கடையில் காட்டினேன். கடைக்காரர் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, எமல்சிஃபையிங் வேக்ஸ் என்றார்.

"இதுல ஒரு முனை எண்ணெயப் பிடிக்கும், மறு முனை தண்ணியப் பிடிக்கும். எண்ணெய்த் துளிகளச் சுத்தி நின்னுக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு சேர விடாது. அதான் க்ரீமு க்ரீமாவே நிக்குது."

பாத்திரம் கழுவும் சோப்பும் இப்படித்தான் எண்ணெயைப் பிடிக்குமாம். இது சாதுவாம், முகத்துக்கென்றே செய்ததாம், அளவாகப் போட்டால் ஒன்றும் செய்யாதாம். விற்கிறவர் வேறென்ன சொல்வார்? பாத்திரம் கழுவும் சோப்பு! வழியெல்லாம் அதே நினைப்பு.

மே 16, வெள்ளி
செல்வி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று. கற்றாழைச் சாறும் தேங்காய் எண்ணெயும் மட்டும் மிக்ஸியில் அடித்தேன். வெண்ணெய் மாதிரி திரண்டு வந்தது. செதிலே இல்லாமல்! இம்புட்டு நாள் என்னை ஏமாற்றியிருக்கிறாள். சீருக்கான டப்பாக்களில் இதையே அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. அவளிடம் மூச்சு விடவில்லை.

மே 18, ஞாயிறு
எழுதவே கை வரவில்லை.

பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு சீர். உச்சி வெயில். க்ரீம் டப்பாக்களைப் பட்டுச் சேலைத் தட்டில்தான் அடுக்கியிருந்தார்கள். வீட்டுவாசலில் தட்டை இறக்கினால் சேலையெல்லாம் எண்ணெய். டப்பாவைத் திறந்தால் மேலே எண்ணெய், அடியில் பச்சைத் தண்ணீர். "தாய்மாமன் சீரு தலைக்குத் தேய்க்கவா?" என்று ஒருத்தி. சிரிப்பு. தம்பி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செல்வி ஒரு விரல் தொட்டுத் தேய்த்தாள். என்னைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது. திரும்பி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "காய்ச்சுனது நாந்தான். பக்குவம் தப்பிருச்சு."

நான் குனிந்து டப்பாக்களைத் துடைத்து மூடிக்கொண்டிருந்தேன். பழி அவள் மேலேயே நின்றது.

வீட்டுக்குத் திரும்பி, நம்ம விளாங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும்தான் பேசினாள். "கெமிக்கல்னு நீங்க வேணாம்பீகன்னுதான் ஒளிச்சு வச்சேன். அதுக்காக, அந்தப் புள்ள மூஞ்சிக்கு நான் கெடுதல் வைப்பேன்னா நெனச்சீக?"

மே 19, திங்கள்
புழுக்கம். இரண்டு டம்ளரில் சாறும் எண்ணெயும் சுடவைத்து ஊற்றினேன். ஒன்றில் மட்டும் பேப்பரில் மிஞ்சிய செதில். நன்றாக அடித்து ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் செதில் போட்டது வெள்ளையாக அப்படியே இருக்கிறது. மற்றது பிரிந்து கிடக்கிறது. கையில் தடவிப் பார்த்தேன். அரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை.

தம்பிக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லணும். சேலையை டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கணும். லேபிளை மாற்றணும்.

மே 20, செவ்வாய்
கற்றாழை சீவி வைத்துக் காத்திருந்தேன். செல்வி கீழே வரவில்லை. நானே மாடிக்குப் போகலாம் என்று பாதிப் படி ஏறினேன். உள்ளே மிக்ஸி ஓடியது. சட்னியாக இருக்கும் என்று நின்றேன்.

சட்னிக்கு இவ்வளவு நேரம் ஆகாது. என் கற்றாழைக்குக் காத்திராமல் அவளே க்ரீம் அடிக்கிறாள்.